பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல ஒரு மூச்சு

ஏ, உக்காருங்கப்பா, உக்காருங்க. நிக்கவன் உக்காரு, உக்காந்தவன் கொஞ்சம் தள்ளி உக்காரு. பேச்சை நிறுத்துங்க. அங்க யாரு குசுகுசுன்னு? போனை மடியில கவுத்து வையி தாயி, அது அழுதா நான் கதையை நிறுத்திருவேன். இது ஒரு மனுசன் ஒரு மணி நேரம் வாயைத் தொறக்காம உக்காந்திருந்த கதை. சும்மா உக்காந்திருந்ததுல என்னவே கதைன்னு கேக்காதீங்க. வாயைத்தான் மூடியிருந்தான், மண்டையை மூடலைல்லா? அதுக்குள்ள ஓடுனதைத்தான் சொல்லுதேன்.

ஆளு பேரு மாசானமுத்து. முத்து சவுண்ட் சர்வீஸ்னு தாமிரபரணிக்கு இந்தப் பக்கம் கேட்டீங்கன்னா தெரியும். கோயில் கொடையா, கல்யாணமா, சடங்கா, கட்சிக் கூட்டமா, மைக் செட்டு அவன்தான். பேச வேண்டியவரு வரலேன்னா பேசுறவனும் அவன்தான், அதுவும் அந்த வராத மனுசன் குரல்லயே பேசுவான். பஸ் கண்டக்டர் பேசுவான், கலெக்டர் பேசுவான், குக்கரு மூணாவது விசிலுக்கு முன்னாடி விடுமே ஒரு முக்கல், அதைக் கூட விடமாட்டான். அப்பேர்ப்பட்ட வாயி இன்னிக்கு யுனிவர்சிட்டி கலையரங்கத்துல, மூணாவது வரிசையில, 'குடும்பத்தினர்'னு தாள் ஒட்டுன நாற்காலியில, பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கு. பொண்டாட்டி தன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தா கூட எப்பிடியாவது சமாளிச்சிருப்பான். அவ மாமனார் மேல, மாமியார் மேல, எதும் கேக்கலை, அவன் தாய்மாமா குடுத்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் மேல கையை வைக்கச் சொல்லிட்டா. காலையில ஆறு மணிக்கு, காபி கூட குடிக்காம. "இன்னிக்கு அங்க நீ வாயைத் தொறக்கக்கூடாது." "கைதட்டலாமா?" "தட்டு." "விசிலு?" அவ ஒரு பார்வை பாத்தா. "சரி, விசிலு வேண்டாம். தும்மல் வந்தா?" "மாசானம்." அவ்வளவுதான். வீட்டுக்குள்ள அவளுக்கு இவன் நீ, வெளிய நாலு பேரு முன்னால நீங்க, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்னா விசயம் பெருசுன்னு அர்த்தம். கல்யாணம் ஆன இத்தனை வருசத்துல மொத்தம் நாலு தடவை பேரைச் சொல்லியிருக்கா, அதுல ஒண்ணு பிரசவ வார்டு. கையை ஆம்ப்ளிஃபயர் மேல வச்சான். சூடா இருக்க மாதிரி இருந்துச்சு, கரண்டே குடுக்கலை. அதுக்குப் பெறவு அவ சொன்னதுதான் மண்டைக்குள்ள இப்பவும் ஓடுது. "முப்பது வருசமா எனக்குள்ள ஒண்ணு கெடக்கு. இன்னிக்கு மைக்குல சொல்லிரப் போறேன். நடுவுல நீ புகுந்துராத."

புகுந்துராதன்னா என்ன அர்த்தம், எதுக்குள்ள புகுந்துராத, முப்பது வருசம்னா எந்த வருசம், அதைத்தான் நாப்பது கிலோமீட்டரும் வண்டியில எண்ணிட்டு வந்தான். அவ சன்னலுக்கு வெளிய வயலைப் பாத்துட்டு வந்தா. அவ பேரு மரகதவல்லி. கவர்மெண்டு ஸ்கூல்ல விலங்கியல் டீச்சர். பிள்ளைங்க தவளை டீச்சர்னு சொல்லும், அவளுக்கு முன்னாலயே சொல்லும், அவளும் ஒண்ணும் சொல்லமாட்டா, ஏன்னா அவ எதுக்குமே ஒண்ணும் சொல்லமாட்டா. மழை விட்டா போதும், கொளத்தங்கரையில போயி மைக்கை நீட்டிட்டு குத்தவச்சிருவா. ஒவ்வொரு தவளையும் கத்துதுல்லா, அந்தச் சத்தத்தைப் பிடிச்சுப் பிடிச்சு, இது இன்னது, இது இன்னதுன்னு வகை பிரிச்சு, எந்தக் கொளத்துல எந்தச் சத்தம் நின்னு போச்சுன்னு வருசா வருசம் எழுதி வச்சு, இன்னிக்கு வெளிநாட்டுக்காரன் லெட்டர் போட்டு அவகிட்ட சந்தேகம் கேக்கான். மலையடிவாரத்துல நகத்தளவு ஒரு தவளை, அதுக்குன்னு ஒரு சத்தம் இருக்குன்னு உலகத்துல மொதல்ல கேட்டது அவ காதுதான். அதுக்குத்தான் இன்னிக்கு 'புகழ்மிகு முன்னாள் மாணவர்'னு விருது. மொத்தம் ஆறு பேரு. மேடையில வரிசையா உக்காத்தி வச்சிருக்கு. அஞ்சு பேரு கால் மேல கால் போட்டிருக்கான். அவ மட்டும் பஸ்ஸுல லேடீஸ் சீட்டு நுனியில உக்காந்த மாதிரி, பையை மடியில வச்சு, அந்தப் பைக்குள்ள ஒரு தாளு, அந்தத் தாளுல என்ன எழுதியிருக்கா. நேத்து அடுப்படியில அதை எழுதும்போது இவன் தண்ணி குடிக்கப் போனான். பருப்பு டப்பாவைத் தூக்கி அதுக்கு மேல வச்சா. இவன் ரெண்டாவது தடவை தண்ணி குடிக்கப் போனான். ரெண்டாவது டப்பாவையும் வச்சா.

மேடையில ஒரு அம்மா மைக்கைப் பிடிச்சுட்டு நிக்கா, தமிழ்த் துறையாம். "வற்றாத வைரச் சுரங்கமே, வாடாத வாசமலரே, வந்தமர்ந்த வானவில்லே," அப்படின்னு, பாவம், வானாவை விட்டு வெளிய வர முடியாம சுத்துது. இவனுக்கு நாக்கு நமநமங்குது. அந்தம்மா மூக்கால விடுற அந்த 'லே', அது இவனுக்கு ஒரே தரத்துல வந்துரும், இப்பவே தொண்டையில வந்து உக்காந்துட்டு வெளிய விடுங்குது. முழுங்கினான். பக்கத்து நாற்காலிக்காரரு திரும்பினாரு. வெள்ளை சட்டை, நெத்தியில விபூதி, சட்டைப் பையில மூணு பேனா. "நான் வைகுண்டநாதன். கரண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு. மேல அந்த ஓரத்துல நீலக் கோட்டு, நம்ம பையன்தான். அமெரிக்காவுல சிப்பு டிசைன் பண்ணுதான்." இவனுக்குச் சீப்புன்னு விழுந்துச்சு. அமெரிக்காவுல போயி சீப்பா, மண்டையில முடியே இல்லையே அவனுக்குன்னு கேக்க வாயி வந்துருச்சு, உதட்டைக் கடிச்சுட்டுத் தலையை ஆட்டினான். "நீங்க எந்த பேட்ச்?" தலையை ஆட்டினான். "இல்ல, நீங்களும் இங்கதான் படிச்சீங்களான்னு கேட்டேன்." இதுக்கு ஆமான்னு ஆட்டுறதா இல்லைன்னு ஆட்டுறதா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆட்டு ஆட்டினான். அந்த மனுசன் கொஞ்ச நேரம் இவன் வாயையே பாத்தாரு. பெறவு மொகம் அப்படியே எளகிருச்சு. கையை இவன் தோள்ல வச்சு, உரக்க, ஒவ்வொரு எழுத்தா, "கவலைப்படாதீங்க. கடவுள். ஒண்ணை. எடுத்தா. ஒண்ணு. குடுப்பாரு." விரலால காதைக் காட்டி, "கேக்குமா?" இவன் கேக்கும்னு ஆட்டினான். "ஆஹா. வாயி மட்டுந்தான்." அம்மா, ஆத்தா, முப்பது வருசமா ஊரைக் கூட்டுன வாயிக்கு வந்த கதியைப் பாத்தியா. சிரிப்பு வயித்துல இருந்து ஏறி மூக்கு வழியா 'ப்ஸ்ஸ்'னு வந்துச்சு. அழுகைன்னு நெனைச்சு அவரு கைக்குட்டையை நீட்டுதாரு. வாங்கித் தொடைச்சுக்கிட்டான், வேற என்ன செய்ய.

நீங்களும் இங்கதான் படிச்சீங்களா. படிச்சேன் ஓய், படிச்சேன், இதே யுனிவர்சிட்டி காலேஜ்ல மூணு வருசம், ஒரு நாளு லீவு போடாம, காய்ச்சல்ல கூட போர்வையைப் போத்திட்டு வந்தேன், வருகை நோட்டுல தேடிப் பாருங்க, ஒரு நாளும் வந்திருக்க மாட்டேன். அதைச் சொன்னா எவன் நம்புவான். ஞானதிரவியம் சார் கிளாஸ். தவளைக்கு எத்தனை விரலுன்னு பாடம் நடத்துறவருதான், ஆனா தமிழ்ப் பைத்தியம், எஸ் சார், பிரசன்ட் சார்லாம் அவருகிட்ட எடுபடாது. 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும், சத்தமாச் சொல்லணும். அவருக்கு அப்பவே காது மந்தம், ஒத்துக்கிட மாட்டாரு. "பதினேழு. மரகதவல்லி." ஜன்னலோரம் கடைசி பெஞ்சுல இருந்து ஒரு காத்து வரும். காத்துதான், சத்தம் இல்ல. "மரகதவல்லி? வரலியா?" பேனா எறங்கும். நோட்டு வராத மொத வாரம், வெறும் தாளுல, முழுக்க அந்தப் பிள்ளைக்கு ஆப்சென்ட், கண்ணு முன்னாலயே உக்காந்திருக்கு. ரெண்டாவது வாரம் திங்கக்கிழமை இவனுக்குப் பொறுக்கலை. இவன் அடுத்த நம்பரு, பதினெட்டு. அவரு "பதினேழு" ன்னு சொல்லி முடிக்குமுன்ன, பொம்பளக் குரலு, தேன்ல தோச்ச மாதிரி, "உள்ளேன் ஐயாஆ." கிளாஸே கெக்கெக்கேன்னு சிரிச்சுது. சாருக்குச் சிரிப்பு கேக்கலை, உள்ளேன் கேட்டுச்சு. டிக்கு. ஆனா பாத்துக்கிடுங்க, பொம்பளக் குரலுக்கு மூச்சை மேல ஏத்திப் பிடிக்கணும், ஆம்பளக் குரலுக்கு மறுபடி அதைக் கீழ எறக்கணும். அந்த ஒரு மூச்சு எறங்குற நேரத்துக்குள்ள அவரு "பதினெட்டு" சொல்லி, பாத்து, ஆப்சென்ட் போட்டு, "பத்தொம்போது"க்குப் போயிருவாரு. இன்னிக்கு வேகமாச் சொல்லிருவேன், நாளைக்குச் சொல்லிருவேன்னு பாத்தான். மூணு வருசம், அந்த ஒரு மூச்சை அவனால தாண்ட முடியலை. ஹால் டிக்கெட்டு குடுக்குற அன்னிக்கு பதினேழுக்கு நூத்துக்கு நூறு வருகை. பதினெட்டுக்கு ஷார்ட்டேஜ், ஹால் டிக்கெட்டு கெடையாது. "மாசானமுத்துன்னு ஒரு பையன் நம்ம கிளாஸ்ல இருந்தானா?"ன்னு சார் கேட்டாராம். இவன் எதுத்தாப்புல நிக்கான். பரிச்சை எழுதலை. மாமா கடையில போயி உக்காந்து கூம்பு ஸ்பீக்கரைத் தூக்கிட்டான். வருத்தமான்னா, ஒரு வாரம். பெறவு மைக்கு கையில வந்துச்சுல்லா, நமக்கு எதுக்கு வருத்தம்.

ஆனா இந்தக் கதையை இவன் அதோட விட்டானா? எந்த விருந்துக்குப் போனாலும், எலையில பாயாசம் விழுந்த உடனே, "மரகதம் டிகிரி இருக்கே, அது என் தொண்டையில வாங்கினது. அவளுக்குச் சத்தமே கெடையாது, நான்தான் மூணு வருசம் அவளா இருந்தேன்." ஊரே சிரிக்கும். அவளும் எலையைப் பாத்துச் சிரிப்பா. முப்பது வருசமா ஒண்ணு கெடக்குன்னாளே. முப்பது வருசம்னா ஹால் டிக்கெட்டு வருசம். ஐயோ. அவ நேர்மை எப்பேர்ப்பட்ட நேர்மைன்னு இவனுக்குத் தெரியும். பஸ்ஸுல கண்டக்டர் பாக்காம விட்டுட்டா, எறங்கி நின்னு டிக்கெட்டு கேட்டு வாங்குறவ. அவ எழுதுன அட்டவணையில ஒரு கொளத்துக்குப் பேரு தப்பாயிருச்சுன்னு அச்சான பெறவு அத்தனை பேருக்கும் தனித்தனியா கடிதாசி போட்டவ. அவ மேடையில ஏறி, துணைவேந்தரு முன்னால, 'என் வருகைப் பதிவு பொய், அதைச் சொன்னது வேற ஆளு'ன்னு அந்தத் தாளைப் பிரிச்சு வாசிச்சுட்டாள்னா? விருதைப் புடுங்குவான். விருதோட நின்னாப் பரவாயில்லை, டிகிரியையும் புடுங்குவான். டிகிரி போனா வேலை. நாளைக்குப் பேப்பர்ல போடுவான், 'தவளை டீச்சர் தகிடுதத்தம்'. நான் ஒரு வார்த்தை விளையாட்டுக்குச் சொன்னதை இவ வேதமா வச்சிருக்கா. இவன் பாயாசத்தை நெனைச்சான், பாயாசத்துக்கு எல்லாம் சேத்துப் பிராயச்சித்தம் என்னன்னு நெனைச்சான். எந்திரிச்சு ஓடிப் போயி அந்தப் பையைப் புடுங்கிரலாமா. புடுங்குறதுக்கு வாயைத் தொறக்க வேண்டாம்லா, சத்தியம் வாயிக்கு மட்டுந்தான், கைக்கு இல்ல. வைகுண்டநாதன் இவன் நாற்காலி நுனிக்கு வந்ததைப் பாத்துட்டு, "பாத்ரூம். வெளிய. வலது. பக்கம்"னு கையைக் காட்டுதாரு.

ரெண்டு பேரு விருது வாங்கிட்டுப் போயிட்டான். ஒருத்தன் ஜட்ஜு, ஒருத்தி கப்பல் கம்பெனி. இவன் அவங்களைப் பாக்கலை, மைக்கைப் பாத்தான். பாத்த உடனே பழைய பயத்தை ஒரு புதுப் பயம் தள்ளிட்டு முன்னால வந்து உக்காந்துருச்சு. அது கழுத்து நீண்ட மைக்கு. மைக் செட்டுக்காரன் ஆறடி ஆளுக்கு நிமித்தி வச்சிருக்கான். ஜட்ஜுக்குச் சரி. மரகதம் நின்னா அவ நெத்திக்கு மேல நிக்கும். ட்ரெபிள்ங்குற கீச்சுச் சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கான், வாலியூமைக் கொறச்சு வச்சிருக்கான், கூய்னு கத்திரும்னு பயம், பயந்தவன் கையில மைக் செட்டைக் குடுத்தா இப்படித்தான். மேடைக்கு ஓரமா அந்த ஆளு, குமிழ் வச்ச மிக்ஸர் பெட்டிக்கு முன்னால உக்காந்து, போன்ல என்னமோ பாத்து முழுசா மறந்துட்டான். ஏலே, வாலியூம் குமிழைத் திருப்புலே. மூணாவது. இவன் கண்ணாலயே திருப்புதான், தாடையால திருப்புதான், கழுத்து ஒரு பக்கமா கோணுது, வைகுண்டநாதனுக்கு இப்ப நெஜமாவே பயம் வந்துருச்சு, இது வலிப்போன்னு கையில குடுக்க இரும்புச் சாவியைத் தேடுதாரு. இவளுக்கு இருக்கது ஒரு துளி சத்தம். அதுவும் இன்னிக்கு மைக்கு எட்டாது, வாலியூம் எடுக்காது. வாயசையும், ஒண்ணும் கேக்காது, ஆயிரம் பேரு அரங்கம், மொதல்ல பின்னால இருக்கவன் 'கேக்கல'ம்பான், பெறவு ஒருத்தன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை இவனால தாங்க முடியாது. வேற யாரையும் சிரிக்க விடலாம், இவளைப் பாத்து ஒருத்தன் சிரிக்கிறது, அது இவன் ஒருத்தனுக்குத்தான் பட்டா போட்டது.

சத்தம்னு நெனைச்ச உடனே அந்த மழைச் சாயங்காலம் வந்துருச்சு, கூப்பிடாமயே. பரிச்சை எழுதாமப் போயி ரெண்டு வருசம் இருக்கும். மாமா கடை. வெளிய தூறல். கொடையை மடக்கிட்டு ஒரு பிள்ளை உள்ள வருது. "மழையில நனைஞ்சா கெடாத மைக் இருக்கா?" இவன் தலையைத் தூக்குறதுக்கு முன்னால அந்தக் குரலு காதுக்குள்ள போயிருச்சு. யாருலே இதுன்னு பாத்தா பதினேழு. மூணு வருசம் அவளா நின்னு கத்தியிருக்கான், அவ முழுசா ஒரு வாக்கியம் பேசி இவன் கேட்டதே அன்னிக்குத்தான். தேனும் இல்ல ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கரகரன்னு, அடியில ஒரு கனம், வெங்கலச் சொம்பை அடுப்பு மேடையில வச்ச மாதிரி. அட கோட்டிக்காரா, மூணு வருசமும் தப்பான குரல்லல்லா சொல்லியிருக்கேன். "எதுக்கு மைக்கு?" "தவளைக்கு." "தவளை மேடைப் பேச்சா?" அவ சிரிக்கலை. "நான் அதுங்க சொல்றதைக் கேக்கணும்." இவனே போயி ஒரு மைக்குக்கு பலூனை மாட்டி, வாயை நூலால கட்டி, கொளத்துல வச்சுக் காட்டினான். "மைக்கை ஊதக்கூடாது, தட்டக்கூடாது, நாலு விரக்கடை தள்ளிப் பிடிக்கணும்." நாலு விரலை நிமித்தி அவ அளந்து பாத்துக்கிட்டா. அவ்வளவுதான், கல்யாணம் ஆயிருச்சு. நடுவுல ஒரு ஒன்றரை வருசம் இருக்கு, அதை விடுங்க. எத்தனை கொளம், எத்தனை வாய்க்கால். ஒண்ணு மாடு மாதிரி அடிவயித்துல இருந்து கத்தும், ஒண்ணு தச்சன் உளி தட்டுற மாதிரி டொக் டொக்குன்னு, ஒண்ணு ஈரக் கண்ணாடியில விரலைத் தேச்ச மாதிரி கீச்சுங்கும். எல்லாம் இவனுக்கு ஒரே வாரத்துல வந்துருச்சு. ஒரு தடவை இவன் சும்மா இருக்கமாட்டாம டொக்குன்னான், கொளம் முழுக்கப் பதில் டொக்குன்னுச்சு. அவ ஒண்ணும் சொல்லாம நோட்டுல எழுதிட்டு இருந்தா. வீட்டுல வந்து பாத்தான். 'நாலாவது குரல்: கணவர். நீக்கவும்.' எத்தனை டேப்புல இவன் சத்தத்தை வெட்டி எடுத்திருக்கா. அது விளையாட்டுன்னுதான் இத்தனை நாளும் நெனைச்சுட்டு இருந்தான். இப்ப, இந்த நாற்காலியில, மொத தடவையா வாயை மூடிட்டு இருக்கும்போது, அது குறுக்க விழுது. நான் சும்மா இருந்தாத்தான் அவளுக்குத் தவளையே கேட்டிருக்கு. அப்ப கிளாஸ்ல? அந்த ரெண்டாவது வாரம் திங்கக்கிழமைக்குப் பெறவு அவ வாயைத் தொறந்தாளா இல்லையான்னு நான் என்னிக்காவது திரும்பிப் பாத்தேனா? பாக்கலை. மூச்சை ஏத்துறதுலயும் எறக்குறதுலயுமே மூணு வருசம் போச்சு. இன்னொண்ணும் கூடவே வந்து நிக்குது. ஹால் டிக்கெட்டு அன்னிக்கு இவன் வராந்தாவுல தூணைப் பிடிச்சுட்டு நிக்கும்போது, சார் ரூம்ல இருந்து அவ வெளிய வந்தா, கண்ணு செவசெவன்னு. ரெக்கார்டு நோட்டுக்கு ஏச்சு வாங்கிட்டு வாரா பாவம்னு நெனைச்சு, இவன் குரங்கு மாதிரி கத்திக் காட்டினான், சிரிக்கட்டும்னு. அவ நின்னு ஒரு பார்வை பாத்தா. நூத்துக்கு நூறு எடுக்கவளுக்கு ரெக்கார்டு நோட்டுக்கு எதுக்கு ஏச்சு?

"அடுத்து," வானவில் அம்மா மைக்குக்கு வந்துட்டா, "வயல்வெளியின் வானொலி, முனைவர் அல்லாத முனைவர், மரகதவல்லி அவர்கள்! அவரை அழைத்துக் கௌரவிக்க, அவருடைய பேராசிரியரே, எண்பத்தி மூன்று அகவை கண்ட ஞானதிரவியம் ஐயா!" ஓரத்து நாற்காலியில இருந்து ஒரு வெள்ளை வேட்டி எந்திரிக்கு. அட, அதே சாரு. பாதி ஆளாச் சுருங்கிட்டாரு, காதுல மெஷினு, சட்டைப் பையில மட்டும் அதே செவப்புப் பேனா. மெதுவா, மெதுவா மைக்குக்கிட்ட வந்தாரு. அரங்கத்தை ஒரு சுத்துப் பாத்தாரு. ஆயிரம் தலையைப் பாத்த உடனே அவருக்கு மேடை மறந்துருச்சோ, இல்ல வேணும்னுதான் செஞ்சாரோ, யாருக்குத் தெரியும், பேனாவை எடுத்து மூடியைத் திருகினாரு, விருதுப் பட்டியல் தாளை நோட்டு மாதிரி கையில பிடிச்சாரு. "பதினேழு," ன்னாரு. அரங்கம் கப்சிப். "மரகதவல்லி." அவ நாற்காலியை விட்டு எந்திரிச்சா. உதடு அசையுது. நிச்சயமா அசையுது, இவன் பாக்கான், இன்னிக்குத்தான் திரும்பிப் பாக்கான். ஆனா மைக்கு அங்க, அவ இங்க. "மரகதவல்லி?" சாரு கண்ணைச் சுருக்குதாரு. "வரலியா?" பேனா எறங்குது. எறங்குது, வே, கண்ணு முன்னால எறங்குது, அதே செவப்பு, அதே சாய்வு, இவன் ஆம்ப்ளிஃபயரை நெனைச்சான், மாமாவை நெனைச்சான், கையால வாயைப் பொத்தினான், பொத்தின கையை மீறிட்டு, முப்பது வருசத்துத் தேனு, உச்சாணிக் கொம்புல நின்னு,

"உள்ளேன் ஐயாஆஆ!"

வைகுண்டநாதன் நாற்காலியோட ரெண்டு அடி தள்ளிப் போயிட்டாரு. "பேசுதாரு! பொம்பள மாதிரி பேசுதாரு!" அரங்கமே கெடந்து சிரிக்கு. துணைவேந்தரு கண்ணாடியைக் கழட்டித் தொடைக்காரு. அமெரிக்காக்காரன் எந்திரிச்சு எட்டிப் பாக்கான். இவன் எப்பம் எந்திரிச்சு நின்னான்னு இவனுக்கே தெரியாது, வாயைப் பொளந்துட்டு நிக்கான், மூச்சு அங்க மேல மாட்டிக்கிட்டு நிக்கு. சாரு ஒருத்தருதான் சிரிக்கலை. அவருக்குச் சிரிப்பு கேக்கலை, உள்ளேன் கேட்டுச்சு. தலையை ஆட்டி டிக்கு போட்டாரு. போட்ட கையோட, அது பாட்டுக்கு, அடுத்த வரியில, "பதினெட்டு. மாசானமுத்து." ஐயோ, என் பேரு. சொல்லுலே. முப்பது வருசம் கழிச்சுக் கேக்காரு, சொல்லுலே. மூச்சு எறங்குது, எறங்குது, நெஞ்சு வரைக்கும் வந்துருச்சு, இந்தா தொண்டைக்கு, "வரலியா? ஆப்சென்ட்." போட்டுட்டாரு, பேனாவையும் மூடிட்டாரு.

மரகதவல்லி நடந்து வந்தா. கையில பை இல்ல, தாளும் இல்ல, நாற்காலியிலயே வச்சுட்டா. சாருக்குப் பக்கத்துல நின்னா, மைக்கு கழுத்தைப் பிடிச்சுக் கீழ வளைச்சா, ஊதலை, தட்டலை, நாலு விரலை நிமித்தி வாயிக்கும் மைக்குக்கும் நடுவுல வச்சு அளந்தா. மிக்ஸர்க்காரனைத் திரும்பி ஒரு பார்வை பாத்தா. அவன் போனைக் கீழ போட்டுட்டு மூணாவது குமிழைத் திருப்பினான். வெங்கலச் சொம்பை வச்ச மாதிரி அந்தக் குரலு அரங்கம் முழுக்க எறங்குச்சு.

"ஐயா, பதினேழு நான். எனக்குச் சத்தம் அன்னிக்கும் உண்டு, ஒருத்தன் எடம் விடலை. அந்தா மூணாவது வரிசையில வாயைப் பொளந்துட்டு நிக்கானே, அதுதான் பதினெட்டு. மூணு வருசமும் ஒரு நாளு தவறாம வந்தான், ஒரு நாளும் உங்க நோட்டுல வரலை. ஹால் டிக்கெட்டு நிறுத்தின அன்னிக்கே உங்க ரூமுக்கு வந்து சொன்னேன், கேக்கலை, சத்தமாச் சொல்லுன்னீங்க. இந்தா, சொல்லிட்டேன். மூடுன பேனாவைத் தொறங்கய்யா. மொதல்ல அவனுக்கு ஒரு வருகை போடுங்க, பெறவு அந்த விருதுக் கேடயத்தை என் கையில தாங்க."